பவுலிங் பந்தைத் தேய்ப்பதற்கு முன்பு

தூரத்தில் நிற்கும் பின்களைப் பந்தை உருட்டிச் சாய்க்கும் பவுலிங் ஆட்டத்தில், பந்து முன்போல வளைந்து திரும்பவில்லை என்றதும் பலரும் அதைத் தேய்க்கும் சொரசொரப்பான பேடைத்தான் தேடுகிறார்கள். வீட்டில் நடக்கும் தவறுகளில் இதையே முதலில் வைப்பேன். ரியாக்டிவ் ரெசின் என்ற பிசின்வகைப் பொருளாலான பந்தின் மேலுறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பந்து உருளும் பாதையான லேனில் பூசிய எண்ணெயை அவை ஆட்டத்துக்கு ஆட்டம் உறிஞ்சுகின்றன. அந்த எண்ணெயை எடுக்காமல் தேய்த்தால் அழுக்கு மேலும் அப்பிக்கொள்ளும், பேடும் அடைத்துக்கொள்ளும். அதன்மேல் பாலிஷும் போட்டால் உள்ளே போன எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும்.

துடைக்க ஏற்ற நேரம், கடைசி வீச்சு முடிந்து பந்து இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் அந்தச் சில நிமிடங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டுவிட்டால் எண்ணெய் ஆழத்துக்கு இறங்கிவிடும். பவுலிங் பந்துக்கென்றே விற்கும் திரவமும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். அசிட்டோன் என்ற கரைப்பான் வேண்டாம், அது மேலுறையையே பதம்பார்த்துவிடும்.

ஊறிய எண்ணெயை வெளியே எடுக்க ஓவனில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மேலுறையும் உள்ளே இருக்கும் பொருளும் ஒரே அளவில் விரிவதில்லை. பந்து வெடிப்பு விட்டுவிடும். அதற்குப் பதிலாக, விரல் துளைகளை நீர் புகாத டேப்பால் மூடி, ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 15 அல்லது 20 நிமிடம் வைத்து, மேலே வரும் எண்ணெயைத் துடைத்தெடுங்கள்.

பேடின் சொரசொரப்பைக் குறிக்கும் கிரிட் எண்ணைப் பற்றிய குழப்பம்தான் ஆட்டத்தை அதிகம் கெடுக்கிறது. எண் குறையக் குறையப் பரப்பு சொரசொரப்பாகும். ஆனால் சொரசொரப்பான பந்து எல்லா லேனிலும் அதிகம் வளையும் என்பது உண்மையல்ல. வீசுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. பெரும்பாலும் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் இருக்கும். 500 கிரிட் பேடால் தேய்த்த பந்து எண்ணெயிலேயே பிடித்துத் திரும்பத் தொடங்குகிறது. எண்ணெய் குறைந்த லேனில் அது பாதி வழியிலேயே வலுவைச் செலவழித்து, பின்களிடம் சோர்ந்துபோய்ச் சேருகிறது. அங்கே 3000 அல்லது 4000 கிரிட் பந்து வழுக்கிப்போய், கடைசியில் கூர்மையாகத் திரும்பும். பந்து தளர்ந்து மோதுவதைக் கண்டு இன்னும் சொரசொரப்பாக்குபவர்கள் நோயையே மருந்தென்று கொடுக்கிறார்கள்.

கையால் தேய்க்கும்போது, எண்ணெய்த் தடம் தெரியும் பட்டையை மட்டும் தேய்க்காதீர்கள். மேல், கீழ், சுற்றிலும் நான்கு என ஆறு முகங்களாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே அழுத்தம், ஒரே நேரம், போதிய தண்ணீர். பழைய பேடை நம்பவும் கூடாது: தேய்ந்துபோன 500, புதிய 500 போடும் கீறலைப் போடாது. எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்று அதன் முதுகில் எழுதி வைக்கலாம். 500இலிருந்து நேரே 4000க்குத் தாவினால் ஆழமான கீறல்கள் அப்படியே கிடக்க, முகடுகள் மட்டும் மழுங்கும். சில தயாரிப்பாளர்கள் 500க்கு மேல் 2000 என்று வேண்டுமென்றே செய்வதுண்டு. தெரிந்து செய்தால் அது தவறில்லை.

அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் விதிகளின்படி, போட்டி நடந்துகொண்டிருக்கும்போது பந்தைத் தேய்க்கக் கூடாது. ஆகவே தேய்ப்பதை முன்கூட்டியே முடித்துப் பயிற்சியில் வீசிப் பாருங்கள்.

ஸ்பேருக்கு, அதாவது முதல் வீச்சில் விழாமல் நின்ற பின்களைச் சாய்க்க, வைத்திருக்கும் பாலியெஸ்டர் பந்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது நேராகப் போவதற்கென்றே இருக்கிறது, துடைத்தால் போதும்.