ஜோட்டெரோவில் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகள்: நகல் எது, ஒரே ஆய்வின் இன்னொரு அறிக்கை எது?

மேற்கோள்களைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளான ஜோட்டெரோவை நிறுவியாயிற்று என்று வைத்துக்கொண்டு, சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கான (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் முறைப்படி தேடித் தொகுக்கும் வேலை) தேடல் முடிவுகளை உள்ளே கொண்டுவருவதிலிருந்து தொடங்குவோம்.

1. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தேடிய பிறகு 'சென்ட் டு', அதில் 'சைட்டேஷன் மேனேஜர்'. ஒரு தடவைக்கு 10,000 பதிவுகள் வரை இறக்கலாம். கோப்பின் பெயரில் தளமும் தேதியும் இருக்கட்டும். இம்போர்ட் செய்யும்போது புது கலெக்‌ஷனில் போடச் சொன்னால் அந்தப் பெயரே கலெக்‌ஷனுக்கும் வந்துவிடும். எம்பேஸ், காக்ரேன் சென்ட்ரல் போன்ற மற்ற தேடல் தளங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி கலெக்‌ஷன் வையுங்கள்.

2. எதையும் தொடுமுன் ஒவ்வொரு கலெக்‌ஷனின் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். எத்தனை பதிவுகள் கிடைத்தன, எத்தனை விலக்கப்பட்டன என்று காட்டும் பிரிஸ்மா 2020 வரைபடத்துக்கு அது கட்டாயம் வேண்டும்.

3. 'டூப்ளிகேட் ஐட்டம்ஸ்'. பலரும் இடறுவது இங்கேதான். ஜோட்டெரோ தலைப்பு, டிஓஐ (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்), ஆண்டு, ஆசிரியர் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் நகல் என்கிறது. அது காட்டுவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'மெர்ஜ்' செய்யாதீர்கள். கோவிட் சிகிச்சைகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வையே பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் முடிவு 2020 ஜூனில் மெட்ஆர்க்கைவ் தளத்தில் முன்பதிப்பாகவும் (சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவம்), ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னலில் முதற்கட்ட அறிக்கையாகவும் வந்தது. இறுதி வடிவம் 2021இல் வெளியானது. ஹைட்ராக்சிகுளோரோகுயின், டோசிலிசுமாப் முடிவுகள் வேறு கட்டுரைகளில் உள்ளன. அறிக்கைகள் பல, ஆய்வு ஒன்றே. ரிவ்யூவில் நாம் எண்ண வேண்டியது ஆய்வை. அறிக்கைகளைத் தனித்தனி ஆய்வாக எண்ணினால் அதே நோயாளிகள் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடுவார்கள். அதற்காக அறிக்கைகளை ஒன்றாகக் கலந்தாலோ, முன்பதிப்புக்கும் இறுதி வடிவத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆகவே பப்மெட்டிலும் எம்பேஸிலும் வந்த ஒரே கட்டுரையை மட்டும் மெர்ஜ் செய்யுங்கள். ஒரே ஆய்வின் வெவ்வேறு அறிக்கைகளை 'ரிலேட்டட்' பகுதியில் இணையுங்கள். ஒவ்வொன்றின் 'எக்ஸ்ட்ரா' புலத்திலும் ஆய்வின் பதிவெண்ணை எழுதுங்கள், ரெக்கவரிக்கு NCT04381936. பதிவேட்டில் உள்ளபடியே, இடைவெளி விடாமல் எழுதினால்தான் ஒரே தேடலில் எல்லா அறிக்கைகளும் வந்து நிற்கும். இந்திய ஆய்வுகளுக்கு சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) எண்ணையும் சாய்கோடுகள் உட்பட அப்படியே எழுதுங்கள்.

4. சல்லடை போடும்போது சேர்க்க, விலக்க, ஐயம் என மூன்று டேக் போதும். மூன்றுக்கும் நிறம் கொடுத்துவிட்டால் 1, 2, 3 விசைகளை அழுத்தியே குறிக்கலாம். இதற்கென்று துணை கலெக்‌ஷன்கள் உருவாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே பதிவு பல இடங்களில் தெரிந்து குழப்பும்.

அழிப்பதிலும் கவனம் வேண்டும். கலெக்‌ஷனுக்குள் நின்று டிலீட் விசையை அழுத்தினால் பதிவு அந்த கலெக்‌ஷனை விட்டுத்தான் போகும், நூலகத்தில் இருந்துகொண்டே இருக்கும். 'மை லைப்ரரி'யில் நின்று அழுத்தினால் குப்பைத்தொட்டிக்குப் போகும். அங்கிருந்து 30 நாளில் தானாக அழியும்படிதான் ஆரம்ப அமைப்பு இருக்கிறது. ரிவ்யூ முடியும்வரை அந்த நாள்கணக்கைக் கூட்டி வையுங்கள்.

குழுவாகச் செய்பவர்கள் முதல் இம்போர்ட்டையே குழு நூலகத்தில் செய்யுங்கள். சொந்த நூலகத்திலிருந்து அங்கே இழுத்துப் போட்டால் தனிப் பிரதிதான் உருவாகும். பிறகு ஒன்றில் மாற்றும் டேக் மற்றதில் ஏறாது.