ஜேம்ஸ் குக்கின் வரைபடங்களையும் நாட்குறிப்பையும் வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலேயக் கடற்பயணி ஜேம்ஸ் குக்கின் தலைமையில் 1769 அக்டோபரில் நியூசிலாந்துக் கரையைக் கண்ட எண்டெவர் கப்பல், 1770 மார்ச் இறுதியில் அங்கிருந்து நீங்குவதற்குள் அதன் இரு பெருந்தீவுகளையும் சுற்றிவந்துவிட்டது. அப்போது உருவான வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்துக்கு அருகில் வைத்து வியப்பவர்களும் உண்டு, குற்றம் காண்பவர்களும் உண்டு. கரைக்கோடு முழுவதும் ஒரே தரத்தில் அளக்கப்பட்டது என்று கொள்வதுதான் இரு சாராரும் முதலில் செய்யும் தவறு.

குக் பெரும்பாலும் கரையில் இறங்கி அளக்கவில்லை. கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனைக்கோ மலைக்கோ திசைகாட்டியால் கோணம் எடுத்து, சற்றுத் தொலைவு சென்றபின் அதே இடத்துக்கு மீண்டும் கோணம் எடுத்து, இரண்டும் வெட்டும் புள்ளியைக் குறித்தார்கள். இடையில் கப்பல் ஓடிய தொலைவோ, முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டுக் கண்ட வேகத்திலிருந்து கணக்கிட்டது. ஆகவே காற்று ஒத்துழைத்து கரையை ஒட்டிச் சென்ற இடங்களில் கோடு நம்பத்தக்கதாகவும், காற்று கப்பலை வெளியே தள்ளிய இடங்களில் ஊகமாகவும் இருக்கிறது. தென்தீவின் கிழக்குக் கரையிலுள்ள பேங்க்ஸ் தீபகற்பம் தீவாக வரையப்பட்டது இதனால்தான்: பின்னாலிருந்த தாழ்ந்த சமவெளி கடலிலிருந்து பார்வைக்கு எட்டவில்லை, மலைகள் மட்டும் தனித்துத் தெரிந்தன. தெற்கே உள்ள ஸ்டூவர்ட் தீவோ, இதற்கு நேர்மாறாக, பெருநிலத்தோடு ஒட்டிய தீபகற்பமாயிற்று.

கரையின் வடிவம் சரியாக இருப்பதால் அதன் இருப்பிடமும் சரி என்று எண்ணுவது அடுத்த தவறு. முதற்பயணத்தில் குக்கிடம் கடற்காலமானி, அதாவது கடலிலும் துல்லியமாக நேரம் காட்டும் கடிகாரம், இல்லை. நிலவுக்கும் விண்மீன் அல்லது சூரியனுக்கும் இடையிலான கோணத்தை அளந்து, நீண்ட கணக்குப் போட்டே தீர்க்கரேகை அறியப்பட்டது. ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஹாரிசன் உருவாக்கிய அத்தகைய கடிகாரத்தைப் பார்த்து, மற்றொரு கலைஞரான கெண்டால் செய்த கருவியோடு இரண்டாம் பயணம் சென்ற குக், தென்தீவு 40 கலையும் (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வடதீவு 30 கலையும் கிழக்கே தள்ளி வரையப்பட்டிருந்ததைத் தாமே ஒப்புக்கொண்டார். மேலும் எண்டெவர் நாட்குறிப்பில் ஆஸ்திரேலியக் கரைக்கு 'மேற்கு 211 பாகை' என்று வருவதை அச்சுப்பிழையாகக் கருதித் திருத்திவிடக் கூடாது. கிரீனிச்சிலிருந்து மேற்கு நோக்கியே தொடர்ந்து எண்ணியதால் வந்த எண் அது, 360-இலிருந்து கழித்தால் கிழக்கு 149 கிடைக்கும். அக்காலப் பிரெஞ்சு வரைபடங்களில் கணக்கு பாரிஸிலிருந்து தொடங்குவதால், அவற்றிலுள்ள கிழக்குத் தீர்க்கரேகையோடு இன்னும் 2 பாகை 20 கலை சேர்க்க வேண்டும்.

தேதியில் சறுக்குபவர்களே அதிகம், தேர்ந்த எழுத்தாளர்களும் இதற்கு விலக்கல்ல. கப்பல் நாள் நண்பகலில் தொடங்கி நண்பகலில் முடிந்தது. கரையில் 28-ஆம் தேதி பிற்பகல் என்பது கப்பலில் 29-ஆம் தேதியின் தொடக்கம். அதோடு, மேற்கு நோக்கிப் பசிபிக்கைக் கடந்த குக், இன்று நாம் செய்வதுபோல் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளவில்லை. இந்த இரண்டு வேறுபாடுகளும் பிற்பகல் நிகழ்வுகளில் ஒன்றையொன்று சரிசெய்துகொள்கின்றன. ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் இறங்கியது நாட்குறிப்பிலும் 1770 ஏப்ரல் 29, இன்றைய நாட்காட்டியிலும் அதே நாள். முற்பகல் நிகழ்வுகளில் அப்படி இல்லை. ஏப்ரல் 19 காலை ஆறு மணிக்குக் கரை தெரிந்தது என்று குக் எழுதியது, நம் கணக்கில் ஏப்ரல் 20. ஒரே நாட்குறிப்பிலிருந்து ஒரு தேதியை அப்படியே எடுத்து, மற்றொன்றைத் திருத்தியாக வேண்டியிருப்பது எரிச்சலூட்டும் வேலைதான், ஆனால் வேறு வழியில்லை.

ஆழத்தைக் குறிக்கும் எண்களை மீட்டராகப் படிக்கவே கூடாது. நம் மீனவர்கள் சொல்லும் பாகத்தைப் போலவே இரு கைகளையும் விரித்த நீளத்தில் பிறந்த ஆங்கில ஃபேதம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர், பிரெஞ்சு பிராஸ் ஏறக்குறைய 1.62 மீட்டர்தான்.

எண்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை ஆழ்கடல் என்று நம்புவது இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு, தான் விழுந்த ஓரிடத்தின் ஆழத்தை மட்டுமே சொல்லும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 1770 ஜூன் 11 இரவு, இன்று பெருந்தடுப்புப் பவளத்திட்டு எனப்படும் பகுதியில், எண்டெவர் 17 ஃபேதம், அதாவது ஏறத்தாழ 31 மீட்டர் ஆழத்தில் சென்றுகொண்டிருந்தது. மாலுமி அடுத்த முறை குண்டை வீசுவதற்குள் கப்பல் பவளப்பாறையில் மோதி நின்றுவிட்டது.