வீட்டுக்கு முதல் உருவ ஓவியம் வாங்குவது எப்படி? வேலூரிலிருந்து ஒரு வழிகாட்டி

மலை, தென்னந்தோப்பு, படகு என்று எதை மாட்டினாலும் வீட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிற ஓவியத்தை மாட்டிப் பாருங்கள். "யாரு இது? ஏன் மூஞ்ச இப்படி வச்சிருக்கு?" என்று மாமியார் நிச்சயம் கேட்பார். நம் பக்கத்து வீடுகளில் ஹாலில் ஒரு முகம் இருந்தால் அது சாமியாக இருக்கும், இல்லையென்றால் மாலை போட்ட தாத்தாவாக இருக்கும். மூன்றாவதாக வருகிற முகம் வீட்டுக்குக் குடிவருகிற புது ஆள் மாதிரி. அந்த ஆளோடு பல வருடம் ஒரே அறையில் இருக்க முடியுமா என்பதை முதலில் யோசியுங்கள். சோஃபா நிறத்துக்குப் பொருந்துகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

1. முதலில் சுவர்

எந்தச் சுவர் என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். சோஃபாவுக்கு மேலே என்றால் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு பொருத்தமாக இருக்கும். ஆறடி சோஃபாவுக்கு ஃப்ரேமோடு சேர்த்து நான்கடி. பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் ஒரு வாரம் விட்டுவையுங்கள். வாங்கத் தெரியாதவர்கள் பெரும்பாலும் சின்னதாகத்தான் வாங்குகிறார்கள். பெரிய சுவரில் அது தபால்தலையாகிவிடும்.

மேல் மாடி வீட்டின் மேற்குச் சுவர் வேண்டாம். கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது அந்தச் சுவர் ராத்திரி வரைக்கும் கொதிக்கும். குளியலறைக்கு ஒட்டிய சுவரில் ஓதம் ஏறும். பூஜை விளக்குக்குப் பக்கத்தில் மாட்டினால் புகை படியும்.

2. கண்ணைப் பழக்குங்கள்

வாங்குவதற்கு முன் நிறையப் பார்க்க வேண்டும், அதுவும் நேரில். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரல். அங்கிருந்து கிரீம்ஸ் சாலையில், தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம் பக்கம்தான். எழும்பூர் அருகே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி அது. அங்கே மாணவர்கள் வேலை காட்சிக்கு வரும்போது போய்ப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்துக்குப் போங்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கே இருக்கிறது. பணிக்கர் போன்றவர்கள் இங்கே வளர்த்த நவீன ஓவியப் போக்கான மெட்ராஸ் கலை இயக்கத்துக்கென்று உள்ளே ஒரு அருங்காட்சியகமும் உண்டு.

அந்த இயக்கத்தின் பலம் கோடு. நம் ஊர்க்காரர் ஒருவரும் அதில் முக்கியமானவர். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருவண்ணாமலையில் பிறந்த ஏ.பி. சந்தானராஜ், அதே கவின் கலைக் கல்லூரியில் படித்துப் பின்னால் அதற்கே முதல்வரானவர். அவர் உருவங்களில் கோடு எங்கே தடிக்கிறது, எங்கே தானாக அறுந்துபோகிறது என்று பாருங்கள். கே.எம். ஆதிமூலத்தின் கறுப்பு வெள்ளைக் காந்தி கோட்டோவியங்களையும் பார்த்துவிடுங்கள். இவர்களுடைய அசல் வேலை நம் பட்ஜெட்டுக்கு எட்டாது, அது வேறு விஷயம். பார்த்துவிட்டு வந்த கண் மட்டும் நம்மோடு இருக்கும்.

3. எதில் தொடங்கலாம்

காகிதத்தில் வரைந்த வேலையில் தொடங்குங்கள் என்பேன். கரி, மை, நீர்வண்ணம் எதுவானாலும் சரி. ஒரே ஓவியரின் பெரிய கான்வாஸைவிடக் காகித வேலை விலை குறைவாக இருக்கும், அவருடைய கையும் அதில் நேராகத் தெரியும். அடுத்தது அக்ரிலிக், அதாவது தண்ணீரில் கரைத்துத் தீட்டுகிற வண்ணம். தைல வண்ணம் (ஆயில் பெயின்ட்) தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே முழுக்கக் காய மாதங்கள் ஆகும். புதிதாக வரைந்தது என்றால் எப்போது முடித்தது, வார்னிஷ் அடித்தாயிற்றா என்று கேளுங்கள்.

4. உருவத்தை எப்படிப் பார்ப்பது

முகத்தைக் கடைசியில் பாருங்கள். அழகான முகம் எல்லா ஓட்டையையும் மூடிவிடும்.

முதலில் கை விரல்கள். கையை முந்தானைக்குள்ளோ கூடைக்குப் பின்னாலோ ஒளித்து ஒளித்து வரைகிறவர் கை வரையத் திணறுகிறார் என்று அர்த்தம். ஒரே ஓவியரின் நாலைந்து படங்களைப் பக்கத்தில் வைத்தால் இது பிடிபடும். அப்புறம் உடம்பின் பாரம். நிற்கிற ஆள் தரையில் நிற்கிறாரா, மிதக்கிறாரா? உட்கார்ந்திருப்பவரின் எடை திண்ணையில் இறங்குகிறதா? விரலோ தோளோ வேண்டுமென்றே நீட்டி வரையப்பட்டிருக்கலாம், அதில் தப்பில்லை. உடம்பு முழுக்க அதே மனசோடு நீட்டப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கிராமத்துப் பெண், பித்தளைக் குடம், சிவப்புக் கல் மூக்குத்தி என்ற சேர்மானத்தில் இப்போது ஏகப்பட்ட படங்கள் வருகின்றன. 2021இல் கொரோனாவில் இறந்த ஓவியர் இளையராஜா அந்த உலகத்தை உண்மையான கவனத்தோடு வரைந்தார். அவரைப் பார்த்து வரைகிற பலரிடம் நகை மட்டும் மின்னுகிறது, ஆளைக் காணோம். அப்படி ஒன்றை விலை கொடுத்து வாங்குவதைவிடக் கல்லூரியை இப்போதுதான் முடித்த ஒரு பிள்ளையின் தடுமாறுகிற கோட்டோவியம் மேல்.

பிடித்ததைப் போனில் படமெடுத்து வீட்டில் காட்டுங்கள். நிர்வாணமோ அழுகையோ இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். வாங்கி வந்த பிறகு பீரோவுக்குப் பின்னால் போகிற ஓவியத்தால் யாருக்கும் லாபமில்லை.

5. அசலா, பிரிண்டா

போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பிரிண்ட்டின் மேல் நிறமில்லாத ஜெல்லைப் பூசித் தூரிகைத் தடம் வைத்து விற்பவர்கள் உண்டு. அதில் தடம் ஒரு பக்கம் போகும், நிறத்தின் விளிம்பு வேறு பக்கம் போகும். பிரிண்ட் என்று சொல்லியே விற்றால் தாராளமாக வாங்கலாம். ஓவியர் கையெழுத்தும் 12/50 மாதிரி எண்ணும் போட்டிருந்தால் மொத்தம் ஐம்பது பிரதிகளில் இது பன்னிரண்டாவது.

6. விலையும் காகிதமும்

ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து விற்கிற காலரியில் சொல்லும் விலையில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை காலரிக்குப் போவது வழக்கம். அதைத் தெரிந்துகொண்டு ஓவியருக்குத் தனியாகப் போன் செய்து "நேரா குடுங்க, கொறச்சுக் குடுங்க" என்று கேட்காதீர்கள். அவருக்குச் சோறு போடுகிற உறவை நாம் கெடுத்த மாதிரி ஆகும். தவணை கேட்கலாம், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

பில் அவசியம். ஓவியங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஓவியத்தின் தலைப்பு, வருடம், எந்த வண்ணத்தில் எதன் மேல் வரைந்தது, அளவு, ஓவியர் கையெழுத்து எல்லாம் உள்ள, இது அசல்தான் என்ற சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். கான்வாஸின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. ஓவியத்தை வாங்கினால் பதிப்புரிமையும் சேர்ந்து வராது. அதைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க ஓவியரின் சம்மதம் வேண்டும். நீங்களே காசு கொடுத்து உங்கள் அம்மாவை வரையச் சொல்லியிருந்தால் கதை வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, அந்த உருவப்படத்தின் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான்.

7. வீடு கொண்டுவருவது

சூட்டில் அக்ரிலிக் இளகும். பபிள் ராப்பை நேராக ஓவியத்தின் மேலேயே சுற்றிக் கார் பின்சீட்டில் வைத்துவிட்டு வாலாஜா டோல்கேட் பக்கம் சாப்பிட இறங்கினால், திரும்பி வரும்போது அம்மனின் கன்னத்தில் வட்டம் வட்டமாகத் தடம் விழுந்திருக்கும். முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் பபிள் ராப், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க.

8. ஃப்ரேம், ஆணி

சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையிலேயே கொடுக்கலாம், ஆனால் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். காகித வேலை என்றால் கண்ணாடி அதைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்ட் என்கிற அட்டை விளிம்பு வேண்டும். பின்னால் ஃபெவிகால் போட்டு ஹார்ட்போர்டில் ஒட்ட விடாதீர்கள், காகிதம் பழுப்பேறும். அமிலமில்லாத மவுண்ட் போர்டு அவரிடம் இல்லையென்றால் சென்னையிலிருந்து வாங்கி வந்து கொடுங்கள். பின்பக்கத்தைக் காகிதம் ஒட்டி மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி நுழையும்.

ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருப்பது காலரிக் கணக்கு. அது நின்று பார்க்கிறவர்களுக்கு. நாம் உட்கார்ந்தே இருப்பதால் மூன்று நான்கு அங்குலம் இறக்கலாம். உருவம் பக்கவாட்டில் பார்க்கிறதென்றால் அதன் பார்வை அறைக்குள் விழும்படி மாட்டுங்கள்.

தூசிக்குக் காய்ந்த மெல்லிய தூரிகை போதும். ஆயுத பூஜை அன்று ஈரத்துணியோடு வருகிறவர்களை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். சந்தனம் குங்குமம் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஃப்ரேமின் கீழ்க்கட்டையில் வைக்கட்டும்.