பவளத்தின் நிறமும் தொட்டி விளக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவளத் தொட்டி வைத்திருப்போர் விளக்கு விஷயத்தில் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, கண்ணுக்குத் தெரியும் நிறம் முழுவதும் பவளத்துக்கே சொந்தம் என்று எண்ணுவதிலிருந்து வருகின்றன. பவளத் திசுவுக்குள் வாழும் ஜூசாந்தெல்லா என்னும் நுண்பாசி தருவது பழுப்பு நிறம். பவளமே உருவாக்கும் ஒளிரும் புரதங்கள், ஊதா மற்றும் நீல ஒளியை உள்வாங்கி, அதைப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ வெளிவிடுகின்றன. இவை தவிர, ஒளிராத நிறமிப் புரதங்களும் உண்டு. அவை துணியில் ஏற்றிய சாயத்தைப் போல, தம்மீது விழும் வெள்ளொளியில் ஒரு பகுதியை மட்டும் திருப்பி அனுப்பி, இளஞ்சிவப்பாகவும் கத்தரிப்பூ நிறமாகவும் தோன்றுகின்றன.

முழு நீல எல்.இ.டி. ஒளியில் மட்டும் பார்த்துப் பவளத்தை மதிப்பிடுவதே இவற்றுள் முதன்மையான தவறு. சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியில், அக்ரோபோரா என்னும் கிளைப் பவளத்தின் பச்சை வகை ஒன்று பளிச்சென்று ஒளிரும். அதையே 6,500 கெல்வின் வெள்ளொளியில் வைத்தால் அந்தப் பச்சை மங்கி, அதுவரை தெரியாதிருந்த கிளை நுனிகளின் ஊதா வெளிப்படக்கூடும். ஆகவே, வாங்குமுன் வெள்ளொளியில் ஒருமுறை காட்டச் சொல்வது நல்லது. இதைவிடக் கவலைக்குரியது, நோயை நீல ஒளி மறைத்துவிடுவது. நுண்பாசியை இழந்து வெளிறிவரும் பவளத்தில் பழுப்புத் திரை விலகிவிடுவதால், எஞ்சியிருக்கும் ஒளிரும் புரதங்கள் முன்னைவிட அழகாகவே தெரியலாம். உரிமையாளர் அதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, உணவூட்டும் நுண்பாசியை இழந்த பவளம் பட்டினி கிடக்கும்.

பெட்டியில் அச்சிட்ட கெல்வின் எண்ணை நம்பி விளக்கு வாங்குவது அடுத்த தவறு. 14,000 கெல்வின் என்று குறித்த மெட்டல் ஹாலைடு விளக்கும், அதே எண்ணைத் தாங்கிய எல்.இ.டி.யும் ஒரே ஒளியைத் தருவதில்லை. அந்த எண், நம் கண்ணுக்கு ஒளி எப்படித் தோன்றுகிறது என்பதைச் சொல்லுமே தவிர, அதில் எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. நிறமாலை வரைபடத்தைக் கேட்டு, 400 முதல் 470 நானோமீட்டர் வரையான பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

ஒளியின் அளவைக் கண்ணால் கணிப்பதும் ஆபத்து. மனிதக் கண்ணுக்கு நீலத்தின் மீதான உணர்திறன் குறைவு என்பதால், நீல எல்.இ.டி. மங்கலாகத் தோன்றும், அதை நம்பி வீச்சைக் கூட்டுபவர்கள் சில நாட்களில் பவளத்தை வெளிறச் செய்துவிடுகிறார்கள். லக்ஸ் மீட்டரும் கண்ணின் உணர்திறனுக்கேற்ப அமைந்ததாகையால் இங்கே உதவாது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் (PAR) மீட்டரே வேண்டும். அந்த மீட்டரின் அளவில், மென்பவளங்களுக்குப் பொதுவாக 50 முதல் 150 வரையும், அக்ரோபோரா போன்ற சிறு வாய்களையுடைய கற்பவளங்களுக்கு 200 முதல் 350 வரையும் போதுமென்று வளர்ப்போர் கொள்கின்றனர். புதிய விளக்கைப் பாதி வீச்சில் தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். டி5 எனப்படும் மெல்லிய ஒளிர்குழல் விளக்குகள் 9 முதல் 12 மாதங்களில் ஒளியும் நிறமாலையும் தேய்ந்துவிடும். அவற்றை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அதே அதிர்ச்சிதான் நேரும்.

ஒற்றைப் புள்ளியிலிருந்து பாயும் எல்.இ.டி. ஒளி, கிளைகளுக்கு அடியில் கடும் நிழலை விழச் செய்வதால், மேற்புறம் வண்ணமாகவும் கீழ்ப்புறம் பழுப்பாகவும் இருக்கும் பவளங்களை அடிக்கடி காணலாம். பக்கங்களில் டி5 குழல்களைச் சேர்ப்பதோ, விளக்கைச் சற்று உயர்த்தி ஒளியைப் பரவவிடுவதோ இதற்குத் தீர்வாகும்.

பழுப்பேறிய பவளத்துக்கெல்லாம் விளக்கையே குற்றம் சொல்வது, என் கணிப்பில், மிக அதிகச் செலவு வைக்கும் தவறு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் நுண்பாசி பெருகி, எவ்வளவு நல்ல ஒளியிலும் நிறத்தை மூடிவிடும். அவை அறவே இல்லாமற்போனாலோ பவளம் வெளிறும். நீரைச் சோதித்துச் சரிசெய்த பிறகே விளக்கின் அமைப்பைத் தொட வேண்டும். நிறமிப் புரதங்கள் கூடுவதற்கும் குறைவதற்கும் வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அமைப்பில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, வாரந்தோறும் அதே வெள்ளொளியில், கேமராவின் வெள்ளைச் சமநிலை (white balance) அமைப்பை மாற்றாமல் படம் எடுத்து ஒப்பிட்டு வர வேண்டும்.