சார்ஜ் செய்யக்கூடிய செல்களும் டார்ச்சும்: செலவைக் குறைக்கத் தொடங்குவது எப்படி?

சார்ஜ் செய்யக்கூடிய செல்களை வாங்கிவிட்டாலே பணம் மிச்சமாகிவிடாது. ஒரு செல் எத்தனை முறை தீர்ந்து மறுபடி நிரம்புகிறதோ, அதைப் பொறுத்தே அது தன் விலையைத் திருப்பித் தருகிறது. ஆண்டுக்கொரு முறை செல் மாற்றும் பொருளில் அதைப் போட்டுவைத்தால் கொடுத்த பணம் முடங்கித்தான் கிடக்கும். ஆகையால் கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதல் படி: எது செல்லைத் தின்கிறது என்று பாருங்கள்

வீட்டில் செல் போட்டு இயங்கும் பொருள்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கடைசியாக எப்போது செல் மாற்றினீர்கள் என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். சுவர்க்கடிகாரமும் டிவி ரிமோட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் மாதக்கணக்கில் ஓடுபவை. அவற்றுக்குச் சாதாரண செல்லே போதும், அது ஒழுகத் தொடங்கும் முன் மாற்றிவிட்டால் சரி. குழந்தைகளின் ஓடும் பொம்மைகள், அடிக்கடி எரியும் டார்ச், நாள்தோறும் பயன்படும் ரத்த அழுத்தக் கருவி, வயர்லெஸ் மைக் ஆகியவைதான் உங்கள் பணத்தைக் கரைப்பவை. இவற்றுக்கு மட்டும் எத்தனை செல் தேவை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையோடு ஒரு மாற்று ஜோடியைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: கணக்குப் போடுங்கள்

நான்கு செல்களும் நல்ல சார்ஜர் ஒன்றும் சேர்த்து 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இதுவரை நான்கு அல்கலைன் (சாதாரண செல்லைவிட நீடித்து உழைக்கும், ஒருமுறை மட்டும் பயன்படும்) செல்களுக்கு 160 ரூபாய் கொடுத்துவந்திருந்தால், பத்தாவது முறை சார்ஜ் செய்யும்போது முதலீடு திரும்பிவிடும். நான்கு 60 ரூபாய் என்று விற்கும் சாதாரண செல்களையே வாங்கிவந்திருந்தால் இருபத்தைந்து முறை ஆகும் என்று தோன்றும். ஆனால் அவ்வகை செல் பொம்மையிலும் டார்ச்சிலும் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் உண்மையில் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. விலைகள் இங்கே உதாரணத்துக்குச் சொன்னவை. உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

மின்கட்டணம் ஏறிவிடுமோ என்ற கவலை வேண்டாம். ஏஏ அளவு (பென்சில்) செல் ஒன்றில் அடங்குவது ஏறக்குறைய இரண்டரை வாட்-மணி ஆற்றல். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து நான்கு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட் (1,000 வாட்-மணி) மின்சாரத்தில் சுமார் 250 செல்களை நிரப்பலாம்.

மூன்றாம் படி: சரியான செல்லைத் தேர்ந்தெடுங்கள்

ஏஏ, ஏஏஏ அளவுகளில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையை வாங்குங்கள். அதிலும் சும்மா வைத்திருந்தாலும் சார்ஜை அதிகம் இழக்காத வகை உண்டு. பழைய வகை செல்கள் முழுதாகச் சார்ஜ் செய்து அலமாரியில் வைத்தாலே சில மாதங்களில் பெருமளவு காலியாகிவிடும். இந்தக் குறையினால்தான் பலர் அந்நாளில் சார்ஜ் செல்லின் மீது நம்பிக்கை இழந்தார்கள். 2005இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் வெளியிட்ட செல்களுக்குப் பிறகு நிலைமை மாறியது. ஓராண்டு கழித்து எடுத்தாலும் பெரும்பங்கு சார்ஜ் மிச்சமிருக்கும் இத்தகைய செல்கள் இன்று பல பெயர்களில் கிடைக்கின்றன.

உறையில் எழுதிய எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. செல் எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்பதை மில்லி ஆம்பியர்-மணியில் சொல்வார்கள்; ஏஏ அளவில் 2000 என்பது நம்பத்தக்க அளவு. 2500 என்று எழுதியவை ஒரு சார்ஜில் கூடுதல் நேரம் ஓடினாலும், பொதுவாகக் குறைவான முறைகளே சார்ஜ் தாங்குகின்றன. செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் 2000 வகையே ஏற்றது என்பது என் முடிவு.

இந்தச் செல்லின் மேல் 1.2 வோல்ட் என்று இருப்பதைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். அல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும். இதுவோ தீரும் தறுவாய் வரை 1.2ஐ ஒட்டியே நிற்கும். எனவே பெரும்பாலான கருவிகளில் வேறுபாடு தெரியாது.

நான்காம் படி: சார்ஜரில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனித்து, நிரம்பியதும் தானாக நிறுத்தும் சார்ஜரை வாங்குங்கள். மலிவானவை இரண்டிரண்டாகச் சேர்த்தே சார்ஜ் செய்யும். நிரம்பினதா என்று பார்க்காமல் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். அதிகப்படியான சூட்டில் செல் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். 500 மில்லி ஆம்பியர் சார்ஜரில் 2000 அளவுள்ள செல் நிரம்ப நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். தொட்டால் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடு இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஒன்றாக வாங்கிய செல்களின் மேல் அழியாத மையால் ஒரே எழுத்தையும் வாங்கிய மாதத்தையும் எழுதி, எப்போதும் சேர்த்தே பயன்படுத்துங்கள். பழையதும் புதியதும் கலந்தால், முதலில் தீர்ந்துபோன செல்லுக்குள் மற்றவை மின்சாரத்தைத் தள்ளி, அதன் நேர், எதிர் முனைகளைத் தலைகீழாக்கிச் சிதைத்துவிடும். பொம்மையின் ஓட்டம் மந்தமானதுமே செல்லை எடுத்துவிட வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம்.

ஐந்தாம் படி: டார்ச்

சார்ஜ் டார்ச் வாங்கும்போது உள்ளே என்ன பேட்டரி இருக்கிறது என்று கேளுங்கள், ஏனெனில் பராமரிப்பு முறை அதைப் பொறுத்து முற்றிலும் மாறும். சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகும் மலிவான டார்ச்சுகள் பலவற்றில் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி இருக்கும். அதைக் காலியாக விட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, மறுபடி சார்ஜ் ஏறாது. பயன்படுத்திய அன்றே முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். உறையில் குறித்த மணி நேரத்துக்கு மேல் பிளக்கில் விடாதீர்கள்.

லித்தியம் அயன் டார்ச்சே இப்போது வாங்கத் தக்கது. கழற்றி மாற்றக்கூடிய 18650 செல்லும் யுஎஸ்பி சார்ஜ் வசதியும் இருந்தால், சில ஆண்டுகளில் செல் களைத்துப்போகும்போது செல்லை மட்டும் மாற்றலாம். அந்த எண்ணில் 18 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 65 என்பது நீளம். அவ்வளவு சிறிய உருளையில் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். தரமானவை பெரும்பாலும் 3500ஐ ஒட்டியே நிற்கின்றன. இந்தியாவில் விற்கும் இத்தகைய செல்களுக்கு ஐஎஸ் 16046 தரத்தின்படி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம் என்பதால், அந்தக் குறியையும் பாருங்கள். லித்தியம் செல்லை நிக்கல் சார்ஜரில் போடவே கூடாது. மெத்தையின் மேல் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். உப்பிய செல்லை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஓய்ந்துபோன செல்களைக் குப்பையில் போடாமல், லித்தியம் செல்லாக இருந்தால் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டாப் பகுதியின் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன; அத்தகைய நாள்களில் சார்ஜ் செல் தீர்ந்தால் நிரப்ப வழியில்லை. ஆகவே ஐப்பசி மழை தொடங்கும் முன் எல்லா டார்ச்சுகளையும் பவர் பேங்கையும் முழுதாக ஏற்றிவிட்டு, அதோடு அல்கலைன் செல்லில் எரியும் டார்ச் ஒன்றையும் தனியே வைத்திருங்கள். அதன் செல்களை உள்ளே போட்டுவைக்காமல், ஒழுகிக் கெடாதபடி, காலாவதி நாள் தெரியும் உறையோடு டார்ச்சின் பக்கத்திலேயே கட்டிவையுங்கள்.