வாய் நாற்றம்: எங்கிருந்து வருகிறது, எப்படிப் போக்குவது

வாய் நாற்றம் என்றதும் பலர் முதலில் வயிற்றைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அஜீரணம், வயிற்றுப்புண் என்று மாத்திரை தேடி அலைகிறார்கள். ஆனால் நாள்பட்ட வாய் நாற்றம் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்காவது காரணம் வாய்க்குள்ளேயேதான் இருக்கிறது. விழுங்காத நேரத்தில் உணவுக்குழாய் மூடியே கிடக்கும். ஏப்பமோ எதுக்களிப்போ வந்தால் ஒழிய வயிற்று வாடை மேலே ஏறி வராது.

வாய்க்குள் நடப்பது இதுதான். அடிநாக்கிலும் (தொண்டையை ஒட்டிய நாக்கின் பின்பகுதி) பல் இடுக்கிலும் காற்றுப் படாத மூலைகளில் சில வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. உணவுத் துணுக்கு, உதிர்ந்த தோல் செல்கள், எச்சிலில் உள்ள புரதம் எல்லாம் அவற்றுக்குத் தீனி. அந்தப் புரதத்தைச் சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் வெளியேறும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும், அழுகிய முட்டைக்கோஸ் வாடை அடிக்கும் மெத்தில் மெர்காப்டனும் அதில் முக்கியமானவை. புதினா மிட்டாய் இந்த வாடையைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கும், அவ்வளவுதான். வாடை உண்டாகும் இடத்தைச் சுத்தம் செய்தால்தான் தீர்வு.

படி 1: இருக்கிறதா என்று பாருங்கள்

உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். நம் வாடைக்கு நம் மூக்கு பழகிப்போயிருக்கும். அதற்குப் பதிலாக ஒரு சுத்தமான கரண்டியைக் கவிழ்த்து, நாக்கின் மேல் முடிந்தவரை பின்னாலிருந்து முன்னால் மெல்ல இழுங்கள். கரண்டியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பிசுபிசுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். ஐந்தாறு விநாடி ஆறவிட்டு முகர்ந்து பாருங்கள். எதிரில் இருப்பவருக்கு வரும் வாடை ஏறக்குறைய அதுதான். இதைக் காலையில் எழுந்ததும் செய்யாதீர்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுவதால் அந்த நேரத்தில் எல்லோருக்கும் வாடை இருக்கும். நடுப்பகலில் செய்தால் சரியாகத் தெரியும்.

வீட்டில் நெருக்கமான ஒருவரிடம் கேட்பது இன்னும் நம்பகமானது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நிமிடக் கூச்சம் பல வருடச் சங்கடத்தைத் தீர்த்துவிடும்.

படி 2: நாக்கு

என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் இதுதான் பெரியது, அதிகம் பேர் விட்டுவிடுவதும் இதைத்தான். இரண்டு நிமிடம் பல் தேய்ப்பவர்கள்கூட நாக்கை இரண்டு விநாடியில் முடித்துவிடுகிறார்கள், அதுவும் நுனியில் மட்டும்.

நாக்கின் மேற்பரப்பு கம்பளி விரிப்பு மாதிரி. சின்னச் சின்ன முனைகளுக்கு நடுவே அழுக்கு தங்கிவிடும். நாக்கு வழிப்பானை அடிநாக்கில் வைத்து, அழுத்தாமல், ஒரே இழுப்பாக முன்னே கொண்டுவாருங்கள். கழுவுங்கள். மறுபடி இழுங்கள். நான்கைந்து முறை போதும், வழிப்பானில் படலம் ஒட்டாமல் வந்தால் நிறுத்திவிடலாம். ரத்தம் வரும் அளவுக்குச் சுரண்டினால் புண்தான் மிஞ்சும். குமட்டல் வருகிறதா? நாக்கை நன்றாக வெளியே நீட்டி, மூச்சை வெளியே விட்டபடி இழுத்துப் பாருங்கள். முதல் நாளே கடைசி வரை போக வேண்டியதில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே போனால் பழகிவிடும்.

படி 3: பல் இடுக்கு

பிரஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டு பற்கள் ஒட்டும் இடத்துக்குள் நுழையாது. அதற்கு ஃப்ளாஸ் நூல் வேண்டும், இடைவெளி பெரிதாக இருந்தால் இடுக்கு பிரஷ். நூலை இடுக்கில் நுழைத்து, ஒரு பல்லை அணைத்தாற்போல வளைத்து, ஈறு ஓரம் வரை மேலும் கீழும் தேயுங்கள். அப்புறம் பக்கத்துப் பல்லுக்கும் அதேபோல. ஒவ்வொரு இடுக்குக்குப் பிறகும் நூலை முகர்ந்து பாருங்கள். ஒரே இடத்தில் எப்போதும் நாற்றம் அடித்தால் அங்கே சொத்தையோ, ஈறு நோயோ, பல்லின் மேல் மாட்டிய, சரியாகப் பொருந்தாத கேப்போ இருக்கலாம். பல் மருத்துவரிடம் அந்த இடத்தையே காட்டுங்கள்.

ஆரம்பத்தில் ஈறில் ரத்தம் கசியும். பலர் பயந்து அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஈறு வீங்கியிருப்பதன் அடையாளம், விடாமல் மென்மையாகச் செய்துவந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பல் தேய்ப்பது ஃப்ளூரைடு பேஸ்ட்டால் காலையும் இரவும் இரண்டு நிமிடம். பல்செட் வைத்திருப்பவர்கள் இரவில் கழற்றி, தேய்த்து, நீரிலோ அதற்கான கரைசலிலோ போட்டுவைக்க வேண்டும்.

படி 4: வாயைக் காய விடாதீர்கள்

எச்சில்தான் வாயைக் கழுவும் இயற்கை நீர். அது குறைந்தால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். வாயால் மூச்சு விடுவது, புகைப்பது, மது, பட்டினி எல்லாம் வாயைக் காய வைக்கும் அல்லது வாடையைக் கூட்டும். ஒவ்வாமைக்கும் மன அழுத்தத்துக்கும் தரும் சில மாத்திரைகளும் அப்படித்தான். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அவ்வப்போது தண்ணீர் குடிப்பதும், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்வதும் உதவும்.

பூண்டு வாடை மட்டும் வேறு கதை. அதிலுள்ள ஒரு கந்தகப் பொருள் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வெளிவரும். எவ்வளவு கொப்பளித்தாலும் சில மணி நேரம் இருக்கும், தானே போய்விடும்.

படி 5: மவுத்வாஷ்

இது கடைசித் துணை மட்டுமே. துத்தநாகம் கலந்தது கந்தக வாயுவைக் கட்டுப்படுத்தும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்தது பாக்டீரியாவைக் கொல்லும், ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசியும் மாறும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போதும்.

படி 6: இரண்டு வாரம் கழித்து

கரண்டிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வாடை குறையவில்லை என்றால் முதலில் பல் மருத்துவர். ஈறுக்கு அடியில் பல் அழுக்கு காரையாகக் கெட்டிப்பட்டிருந்தால் வீட்டில் எதைச் செய்தாலும் போகாது, அவர் கருவியால் சுரண்டித்தான் (ஸ்கேலிங்) எடுக்க வேண்டும். வாய் சுத்தம் என்று அவர் சொன்னால் அடுத்து காது மூக்கு தொண்டை மருத்துவர். சைனஸ் தொற்று, மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் சளி, டான்சில் குழிகளில் அடைந்து கெட்டியாகும் மஞ்சள் கற்கள் ஆகியவை இவர் பார்க்க வேண்டியவை. குழந்தைக்கு ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றமான சளி வந்தால் உள்ளே எதையாவது திணித்திருக்கக்கூடும், தாமதிக்காமல் காட்டுங்கள்.

சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழ வாடையோ நெயில் பாலிஷ் ரிமூவர் வாடையோ வந்து, கூடவே வாந்தி, சோர்வு, வேகமான மூச்சு இருந்தால் அது அவசரம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீரகம் பழுதானால் அமோனியா வாடை வரும்.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். சோதனையில் ஒன்றும் இல்லை, வீட்டாரும் இல்லை என்கிறார்கள், மருத்துவரும் அதையே சொல்கிறார். ஆனாலும் யாராவது மூக்கைத் தொட்டாலே தன்னால்தான் என்று ஒதுங்கிப் போவார்கள். அந்த வேதனை நிஜமானது. பிரஷ்ஷால் தீராது என்பதால் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ இதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது பழக்கமான பிரச்சினைதான், சிகிச்சையும் இருக்கிறது.