பூனைக்குச் சர்க்கரை ஏறி இறங்கினால், ஊசியைக் கூட்டும் முன்

காலையில் 400, மாலையில் 90 என்று மீட்டர் காட்டினால் பதறத்தான் செய்யும். ஆனாலும் ஒற்றை அளவைப் பார்த்து இன்சுலினை நீங்களாகக் கூட்டாதீர்கள். பூனை பயந்தாலே சர்க்கரை எகிறிவிடும். மருத்துவமனையில் எடுத்த அளவு வீட்டில் எடுத்ததைவிடக் கூடுதலாக இருப்பது பல நேரம் இதனால்தான்.

மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு நாள் ஊசிக்கு முன் தொடங்கி 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, 12 மணி நேரம் அளந்து எழுதுங்கள். காது மடலைக் கையால் தேய்த்துச் சூடாக்கி, ஓரத்தில் குத்தினால் துளி ரத்தம் சுலபமாக வரும். (முதல் சில நாள் முறைக்கும், அப்புறம் பெரும்பாலும் பழகிவிடும்.) சர்க்கரை எப்போது அதிகம் இறங்குகிறது என்பது அந்தத் தாளில் தெரியும். ஊசி அளவை மருத்துவர் அதை வைத்து முடிவு செய்யட்டும்.

சிரிஞ்சையும் ஒருமுறை பாருங்கள். யூ-100 இன்சுலினை (ஒரு மில்லியில் 100 யூனிட்) யூ-40 சிரிஞ்சில் (ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று கோடு போட்டது) எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

சாப்பிடவில்லையா? மருத்துவரைக் கேட்காமல் ஊசி வேண்டாம். தள்ளாடினாலோ துவண்டாலோ ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.